மூக்கும் ஐந்தடி தூரமும்

சென்ற மழைக்காலத்தில் பர்மாவின் பெகு நகரிலிருந்து வந்த ஒரு வரனுக்கு, ஜாதகத்துடன் என் புகைப்படத்தையும் அனுப்ப வேண்டியிருந்தது. ரங்கூனில் எங்கள் தெருவிலேயே ஸ்டுடியோ இருந்தும், கையில் போன் இருக்க எதற்கு வீண்செலவு என்று நானே செல்ஃபி எடுத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்த அம்மா, "என்னடி இது, மூக்கு மட்டும் முன்னால வந்து நிக்குது?" என்றார். அவர் சொன்னது மிகையல்ல. கன்னத்தில் வட்டமாகப் பூசியிருந்த தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பக்கவாட்டில் ஒடுங்கி முட்டை வடிவமாகியிருந்தது. புதுத் தோடு போட்டதற்குப் பலனே இல்லாமல் காதுகள் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தன.

அழகூட்டும் வசதியால் மூக்கை மெலியவைத்துப் பார்த்தேன். "பொண்ணு பார்க்க வர்றவங்க இந்த முகத்தை எங்கே தேடுவாங்க?" என்று அப்பா கேட்டதும் அதை அழித்துவிட்டேன்.

குற்றம் லென்ஸுடையது என்றே அதுவரை நினைத்திருந்தேன். தையல் டேப்பை எடுத்து அளந்தபோதுதான் உண்மை பிடிபட்டது. என் மூக்கு நுனி காதைவிட ஏறத்தாழ 12 செ.மீ. முன்னால் இருக்கிறது. போனை மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் காதுக்கு 42 செ.மீ. ஆகிறது, ஆகவே காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிகிறது. அதே போன் 150 செ.மீ., அதாவது சுமார் ஐந்தடி, தள்ளியிருந்தால் அந்த விகிதம் 1.08 மட்டுமே. 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்துப் படத்தைவிட மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 2018இல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது. போனில் இருக்கும் அகலக் கோண லென்ஸ் செய்வதெல்லாம், முகம் படச்சட்டத்தை நிரப்ப வேண்டுமென்று நம்மை அருகே இழுப்பதுதான். (திருவிழாக் கூட்டுப்படத்தின் ஓரத்தில் நின்ற சித்தி இரு மடங்கு பருத்துத் தெரிந்தது வேறு கணக்கு, ஓரங்களை இழுத்துக் காட்டுவது அந்த லென்ஸின் இயல்பு, அதற்கு நடுவில் நிற்பதே மருந்து.)

மின்சாரத்தை நம்ப முடியாததால் காலை வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிரே, டேப்பால் ஐந்தடி அளந்து, மேசைமேல் சாப்பாட்டுக் கேரியரை வைத்து, அதில் போனைக் கண்மட்டத்தில் சாய்த்தேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாமென்று முன்கேமராவில் 10 விநாடி டைமர் வைத்தேன். மூக்கு அடங்கிவிட்டது; ஆனால் முகம் சிறிதாகி, வெட்டிப் பெரிதாக்கியதும் மங்கியது. அதைவிடப் பெரிய குறையை அம்மா கண்டுபிடித்தார்: இடக்கன்னத்து மச்சம் வலப்பக்கம் போயிருந்தது. முன்கேமரா படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிச் சேமித்திருக்கிறது. வரன் பார்க்கும் வீட்டில் மச்சம் இடம் மாறுவது சிறிய விஷயமா?

போனைத் திருப்பி, பின்கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, அதே ஐந்தடியில் மறுபடி நின்றேன். இருந்த இடத்திலிருந்து ஜூம் செய்வதால் முகத்தின் அளவு விகிதம் மாறுவதில்லை. சட்டம் நிரம்புகிறது, அவ்வளவே. ஒன்பதாவது படத்தில் தோடும் தெரிந்தது, மச்சமும் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. அதைத்தான் பெகுவுக்கு அனுப்பினோம்.