ஏழே முக்கால் வண்டியில் எதிர்நீச்சல்

என் போனில் ‘ஊரப்பாக்கம் அக்கா’, ‘வண்டலூர் பாப்பா’, ‘சானடோரியம் டீச்சர்’, ‘பல்லாவரம்’ என்று நான்கு நம்பர்கள் இருக்கின்றன. நான்கு பேரின் பெயரும் எனக்குத் தெரியும், இருந்தாலும் வாயில் வருவது இதுதான். எங்கள் லேடீஸ் பெட்டியில் ஏறுகிற ஸ்டேஷன்தான் ஆளுக்குப் பெயர். அவர்கள் போனில் நான் ‘கூடுவாஞ்சேரி’.

செங்கல்பட்டிலிருந்து சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போகும் ஏழே முக்கால் வண்டி அது. நான் எழும்பூரில் இறங்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். அந்த நேரம் முழுவதும் இரண்டு வருஷத்துக்கு மேல் நாங்கள் பேசியது ஒரே விஷயம்: முந்தின நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு சன் டிவியில் வந்த எதிர்நீச்சல்.

ஆரம்பம் ஒரு கரன்ட் கட். 2022இல், சீரியல் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். அன்று ராத்திரி எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. காலையில் எதிர் சீட்டில் ஒரு அக்கா மடியில் உதிரி முல்லையைக் கொட்டிக்கொண்டு பூ கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் “அந்த அப்பத்தா லேசுப்பட்ட ஆளில்ல” என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அக்கா, நேத்து அப்பத்தா என்ன சொன்னாங்க? எங்க வீட்ல கரன்ட் இல்ல” என்று கேட்டுவிட்டேன். முன்பின் தெரியாதவள் கேட்கிறாளே என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. “உட்காரும்மா, முதல்லேருந்து சொல்றேன்” என்று தாம்பரம் வரைக்கும் சொன்னார்.

அக்கா கதை சொல்வதைப் பார்க்க வேண்டும். கை அதுபாட்டுக்குப் பூ கட்டும். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார். ஜனனி பேசும்போது குரல் தணியும், கையும் மெல்லப் போகும். நந்தினி வந்தால் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். ஆதி குணசேகரன் வரும் இடத்தில் மட்டும் கை நின்றுவிடும். நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, தாடையைத் தூக்கி, கண்ணை ஓரமாக வைத்து “இந்தாம்மா, ஏய்!” என்பார். பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண் விழித்துப் பார்ப்பார்கள். அந்த எபிசோடைப் பிறகு நான் போனில் பார்த்தேன். அக்கா சொன்னது அதைவிட நன்றாக இருந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு பெரிய வீடு. நான்கு அண்ணன் தம்பிகள், அவர்களுக்குப் படித்த நான்கு மனைவிகள்: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. நால்வரும் அடுப்படியை விட்டு வெளியே வரக் கூடாது என்பது மூத்தவர் குணசேகரன் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உடைப்பதுதான் சீரியல். எழுதி இயக்கியவர் திருச்செல்வம். கோலங்கள் சீரியலை எடுத்தவரும் அவர்தான், அதில் தொல்காப்பியனாக நடித்தவரும் அவர்தான்.

திருச்செல்வம் இதில் ஜீவானந்தமாக வந்த மறுநாள் ஊரப்பாக்கம் அக்கா படியில் கால் வைக்கும்போதே “தொல்காப்பியன் வந்துட்டாரு!” என்று கூவிக்கொண்டு ஏறினார். வண்டலூர் பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கல்லூரிப் பெண். 2003இல் கோலங்கள் தொடங்கியபோது பிறக்கவே இல்லை, 2009இல் முடிந்தபோது சின்னக் குழந்தை. அவளுக்காக அபி யார், ஆதி யார், தொல்காப்பியனைத் தொல்ஸ் என்று ஏன் செல்லமாகக் கூப்பிட்டார்கள் என்று சானடோரியத்தில் தொடங்கி கிண்டி வரைக்கும் அக்காவும் டீச்சரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஆறு வருஷம் ஓடிய ஒரு சீரியலை எட்டுப் பத்து ஸ்டேஷனுக்குள் அடக்கிவிட்டார்கள். அந்தப் பெண் அடுத்த வாரமே யூடியூபில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, “அக்கா, அபி மேல எனக்குக் கோபம்” என்று ஆரம்பித்தாள். இருபது வருஷத்துக்கு முந்தைய சண்டை மறுபடியும் மூண்டது. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் அம்மாவும் சித்தியும் கூடத்தில் உட்கார்ந்து போட்ட அதே சண்டை அது.

பெட்டிக்கென்று சில ஒழுங்குகள் தானாகவே வந்துவிட்டன. ஏறியதும் ‘பார்த்தாச்சு’ அல்லது ‘பார்க்கல’ என்று சொல்லிவிட வேண்டும். ‘பார்க்கல, சொல்லுங்க’ என்பவர்களுக்கு அக்கா சொல்வார். ‘பார்க்கல, சொல்லாதீங்க’ என்று யாராவது சொன்னால் அவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும், நாங்கள் பேச்சை நிறுத்த மாட்டோம். ப்ரோமோவை நம்பி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது டீச்சரின் விதி. ப்ரோமோவில் கன்னத்தில் அறை விழுந்திருக்கும், ராத்திரி பார்த்தால் அந்த இடம் வருவதற்குள் எபிசோடு முடிந்துவிடும்.

சண்டைகளில் பெரியது சக்தி பற்றியது. ஜனனியின் கணவன் சக்தி நல்லவனா, கோழையா? அண்ணன் முன்னால் வாய் திறக்காதவனை நல்லவன் என்று எப்படிச் சொல்வது என்பது பாப்பாவின் கட்சி. அந்த வீட்டில் வளர்ந்தவன் அவ்வளவு மாறியதே பெரிது என்பது அக்காவின் கட்சி. நான் இரண்டு பக்கமும் தாவினேன். ஈஸ்வரியை ஒரு காலத்தில் விரும்பிய ஜீவானந்தம் திரும்பி வந்தபோது எங்கள் ஐந்து பேருக்கும் ஐந்து கருத்து. “ஐம்பது வயசுல ஒரு பொம்பளையை மரியாதையா பேரு சொல்லிக் கூப்பிட ஒருத்தர் இருந்தா அதுக்கு என்ன பேருன்னு நாம ஏன் தேடணும்” என்று டீச்சர் கேட்டார். சைதாப்பேட்டையில் ஏறும் கூட்டத்துக்கு நடுவிலும் அந்தக் கேள்வி எனக்குத் தெளிவாகக் கேட்டது. குணசேகரனின் தங்கை ஆதிரைக்கு அருணோடு கல்யாணம் நடக்குமா, கரிகாலனோடு நடக்குமா என்று சீரியல் இழுத்த நாட்களில் பெட்டியே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கடைசியில் கரிகாலன் தாலி கட்டினான். மறுநாள் காலை ஒருவரும் ‘பார்த்தாச்சு’ என்று சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

பல்லாவரம் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. பல மாதங்கள் அவர் எங்களோடு பேசியதே இல்லை. கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சீட் கொடுத்தாலும் “பரவால்லங்க” என்பார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் நந்தினி பேச்சு வந்தால் அவர் உதடு லேசாக விரியும். ஒரு நாள், குணசேகரன் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பெண்கள் நின்று பரிமாறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். “இந்தக் காலத்துல எங்கேயாவது இப்படி நடக்குமா, சும்மா காட்டுறாங்க” என்று பக்கத்தில் புதிதாக உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார்.

“நடக்கும்” என்றார் பல்லாவரம்.

எல்லோரும் திரும்பினோம். அவர் கம்பியை விடாமல் சொன்னார்: “எங்க வீட்ல மீன் குழம்பு வச்சா தலைத் துண்டு மாமனாருக்கு, நடுத்துண்டு அவருக்கு. எனக்கு மீன் பிடிக்கும்னே அவங்களுக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.”

அக்கா கையில் இருந்த பூச்சரத்தை அப்படியே மடியில் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். பல்லாவரம் வந்து உட்கார்ந்தார். யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. டீச்சர் மட்டும் மெதுவாக, “நந்தினியா இருந்தா என்ன பண்ணியிருப்பா?” என்று கேட்டார். பல்லாவரம் கொஞ்ச நேரம் யோசித்தார். “குழம்பு வைக்கும்போதே ரெண்டு துண்டு வறுத்துத் தின்னிருப்பா” என்றார். அன்று மாம்பலம் வரும்வரை சிரித்தோம். அடுத்த வாரத்தில் ஒரு நாள் எங்களைத் தேடிக் கண்ணைக் காட்டிக்கொண்டே ஏறினார். “ரெண்டு துண்டு” என்று மட்டும் சொன்னார்.

சீரியல் பார்ப்பது வெட்டி வேலை என்று என்னிடம் யார் சொன்னாலும் நான் அந்த மீன் துண்டைத்தான் நினைத்துக்கொள்வேன். நேரடியாகக் கேட்டிருந்தால் பல்லாவரம் தன் வீட்டைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். நானும்தான். எனக்கு முதல் வேலையில் வாய்த்த மேலதிகாரியைப் பற்றி நான் முதன்முதலாக வாய் திறந்து பேசியது குணசேகரனைத் திட்டும் சாக்கில்தான்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. நாங்கள் வழக்கம்போலப் பேசி, சிரித்து, இறங்கி அவரவர் வேலைக்குப் போய்விட்டோம். அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், பாப்பாவிடமிருந்து வாட்ஸப் வந்தது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்துவிட்டார். எதிர்நீச்சலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலி வந்திருக்கிறது. நான் அதைப் படித்துவிட்டு ஃபைலை மூடிவைத்தேன். அக்காவுக்குப் போன் செய்தேன். கடையில் இருந்தார். “நிஜமாவாம்மா? நேத்து ராத்திரிகூடத் திட்டினேனே அந்த மனுஷனை” என்று சொல்லிவிட்டு அழுதார்.

மாலையில் நாங்கள் ஒன்றாகத் திரும்புவது கிடையாது. ஆளுக்கொரு நேரம், கிடைத்த வண்டியில் ஏறுவோம். அன்று யாரும் சொல்லிவைக்காமலே நால்வர் எழும்பூர் பிளாட்பாரத்தில் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றோம். அக்கா பீச்சிலிருந்தே ஏறி, எங்களுக்கு சீட் போட்டு வந்தார். டீச்சர் செய்தியைப் படித்துச் சொன்னார்: தேனி மாவட்டம், வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி. சினிமா ஆசையில் சென்னைக்கு வந்து உதவி இயக்குநராகப் பல வருஷம். இரண்டு படங்கள் இயக்கியிருக்கிறார். அந்த மனிதரை வீட்டுக்கு வீடு தெரிந்தவராக்கியது இந்தக் கெட்டவன் வேஷம். எங்களைப் போலத் தினமும் அவரைத் திட்டியவர்கள் எத்தனை லட்சம் பேர் இருப்பார்கள். திட்டுகிற அளவுக்கு நம்பவைத்தவர் அவர். ஊரப்பாக்கம் வரைக்கும் அவர் நடித்த காட்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். அக்கா “இந்தாம்மா, ஏய்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குரல் வரவில்லை. அதற்குப் பிறகு நெடுநாள் அவர் அதைச் சொல்லவே இல்லை.

ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த காட்சிகளில் அதற்குப் பிறகும் அவர் வந்தார். அந்த எபிசோடுகளை நான் எழுந்து போகாமல், விளம்பரத்தில்கூட நகராமல் பார்த்தேன். அப்புறம் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். அவர் வேறு மாதிரி நடிகர், கனமானவர். ஒப்பிட்டுப் பேசுவது இருவருக்கும் நியாயமில்லை என்று டீச்சர் சொன்னார், நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

டீச்சர் 2024 மே மாதம் ஓய்வு பெற்றார். சீரியல் ஜூன் 8, சனிக்கிழமை முடிந்தது. திங்கள் காலை வண்டியில் நான்கு பேர்தான். முடிச்சுகளை அவிழ்க்காமலே அவசரமாக முடித்துவிட்டார்கள் என்று எங்களுக்குக் கோபமான கோபம். டீச்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். தண்டவாளச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. “என்ன? யாரு? என்னது?” என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில், “வைங்க, நான் தனியா கூப்பிடறேன்” என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்குப் பல நாள் காதில் இருந்தது.

டிசம்பர் 23ஆம் தேதி ராத்திரி ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று இரண்டாம் பாகம் ஆரம்பித்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. நாங்கள் ஊரப்பாக்கத்திலேயே பேச்சை ஆரம்பித்திருப்போம், ஆனால் அக்கா “சானடோரியம் வரட்டும்” என்றார். எனக்குப் புரியவில்லை. மடியில் இரண்டு முழம் மல்லி கட்டித் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

தாம்பரம் சானடோரியத்தில் வண்டி நின்றது. டீச்சர் ஏறினார். பள்ளிக்கூடம் போகும்போது கட்டுவாரே, அந்த அரக்கு பார்டர் காட்டன் புடவை. கையில் அதே பழைய சாப்பாட்டுப் பை. “எங்க டீச்சர் போறீங்க?” என்று பாப்பா கேட்டாள்.

“எழும்பூர் வரைக்கும். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்திருக்கேன்” என்றார். அக்கா கொடுத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, பல்லாவரத்துக்காகப் பக்கத்து இடத்தில் பையை வைத்தார். “பார்த்தாச்சு. சரி, யாரு ஆரம்பிக்கிறீங்க? புது ஜனனி எப்படி?”