அப்பாவின் கல், மகளின் கதை

கனடாவின் வட துருவப் பகுதியில் வாழும் இனுயிட் பழங்குடி மக்களின் கல் சிற்பம் என்றதும் பலருக்கும் துருவக் கரடியும் சீலும்தான் கண்ணில் வரும். எனக்கு ஓவிலூ துன்னிலி என்ற பெண் சிற்பி நினைவுக்கு வருவார்.

தந்தத்திலும் எலும்பிலும் செதுக்குவது இனுயிட் மக்களிடம் மிகப் பழைய வேலை, நம் கல்சட்டிபோல மாக்கல்லைக் குடைந்து விளக்கும் செய்தார்கள். ஆனால் விற்பதற்கென்றே கல்லில் பெரிதாகச் செதுக்குவது அண்மைக் காலத்தில் வளர்ந்தது. 1948-இல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் வட கியூபெக்கிலுள்ள இனுக்ஜுவாக் என்ற இனுயிட் ஊருக்குப் போய்ச் சிறு சிற்பங்களை வாங்கி வந்தார், அடுத்த ஆண்டு மாண்ட்ரியலில் விற்பனைக்கு வைத்தவை மூன்றே நாளில் தீர்ந்துவிட்டன. அதே 1949-இல்தான் பாஃபின் தீவில் ஓவிலூ பிறந்தார்.

அவருடைய அப்பா தூனூவும் சிற்பி. இந்தக் குடும்பங்களில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதெல்லாம் பெரும்பாலும் கிடையாது. பெரியவர் செதுக்குவார், பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும், அப்புறம் ஒருநாள் தானே ஒரு துண்டை எடுத்து அரத்தால் தேய்க்க ஆரம்பிக்கும். பாஃபின் தீவில் இவர்கள் வாழ்ந்த கின்கைட் ஊர்ப் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் செர்பன்டைன் என்ற பச்சை நிறக் கல், மாக்கல்லைவிடக் கடினமானது. முன்பு கோடாரியும் அரமும்தான், இப்போது கிரைண்டர் வந்துவிட்டது. தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் குளிரிலும் வெளியே நின்றுதான் அறுக்கிறார்கள். கடைசியில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து, மங்கலாக இருந்த கல்லில் கரும்பச்சை மேலே வருகிற அந்தக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஓவிலூ 1966-இல் முதல் சிற்பத்தைச் செய்தார். சிறுமியாக இருந்தபோது காசநோய்க்காக வீட்டிலிருந்து பிரித்துத் தொலைவிலுள்ள மனிடோபா மாகாண மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டவர் அவர், பின்னாளில் அந்த அனுபவத்தையே கல்லில் கொண்டுவந்தார். துக்கத்தில் தலைகுனிந்த பெண்களைச் செதுக்கினார், ஹை ஹீல்ஸ் போட்ட பெண்ணையும் செதுக்கினார். இதையெல்லாம் பார்த்து 'இது மரபா?' என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபமே வரும். அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது கல்லைக் கையாளும் பழக்கம், எதைச் செதுக்குவது என்பது அவருடைய முடிவு.

அவருடைய தம்பி ஜுதாய் தூனூவையும் பாருங்கள். அவரும் அதே அப்பாவின் பிள்ளை, அதே ஊரில் கல் செதுக்கியவர்தான். ஆனால் அவர் சிற்பத்தின் மேலேயே வாக்கியங்களை வெட்டி வைத்தார்.