கிரீன்ஸ்டெட் மரக்கோயில்

நவம்பர் 20, புனித எட்மண்டின் திருநாள். லண்டனுக்கு வந்திருந்த அம்மாவை அன்றைக்குத்தான் எஸ்ஸெக்ஸிலுள்ள கிரீன்ஸ்டெட்டுக்குக் கூட்டிப்போனேன். எப்பிங் வரை ரயில், அங்கிருந்து ஆங்கருக்குப் பஸ், அப்புறம் வயல்களுக்கு நடுவே ஒரு மைல் நடை. அம்மா வழி முழுக்க ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தார்.

எட்மண்ட், இங்கிலாந்தின் கிழக்கே அன்றிருந்த கிழக்கு ஆங்கிலியா நாட்டின் அரசர். 869-ல், டென்மார்க்குப் பக்கமிருந்து படையெடுத்து வந்த டேனியர்கள் அவரைப் பிடித்தார்கள். கிறிஸ்துவை மறுதலிக்க மாட்டேன் என்றதால் மரத்தில் கட்டி அம்பெய்து, தலையை வெட்டினார்கள் என்பது மரபு. வெட்டிய தலையைத் தேடிப் போனவர்கள், ஓர் ஓநாய் அதற்குக் காவல் இருந்ததைக் கண்டார்களாம். பிற்காலத்தில் டேனியர்களுக்குப் பயந்து அவருடைய திருவுடலை லண்டனில் வைத்திருந்தார்கள். 1013-ல் அதை, முன்பு வைத்திருந்த பரி (Bury St Edmunds) என்ற ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது, வழியில் தங்கிய இடம் இந்தக் கோயில் என்று ஊர் நம்புகிறது.

புனித அந்திரேயாவின் பெயரில் உள்ள சின்னக் கோயில்தான். மேற்கே வெள்ளைப் பலகை அடித்த கோபுரம். அதிலுள்ள மணியில் 1618 என்று பொறித்திருக்கிறது. கிழக்கே பீடப்பகுதி 1500-ஐ ஒட்டிக் கட்டிய செங்கல் வேலை. நடுவில் மக்கள் உட்காரும் பகுதிக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தது. அதன் சுவர் முழுக்க ஓக் மரம், மொத்தம் 51 தடிகள். ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து, உருண்ட பக்கம் வெளியேயும் தட்டைப் பக்கம் உள்ளேயும் இருக்கும்படி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கவாட்டில் காடி எடுத்து, இரண்டு தடிகளுக்கு நடுவே மெல்லிய மரச்சட்டம் சொருகியிருக்கிறது, காற்றும் மழையும் நுழையாமல் இருக்க. இங்கிலாந்தில் இன்றைக்கும் நிற்கிற மிகப் பழைய மரக்கோயில் இதுதான்.

உள்ளே கண் பழகச் சற்று நேரம் ஆனது. ஆதியில் இங்கே ஜன்னலே கிடையாது, விளக்கு வெளிச்சத்தில்தான் ஜெபம். கூரையில் இப்போதுள்ள ஜன்னல்கள் ரொம்பப் பிந்தியவை. சுவரில் கை வைத்தேன். வாய்ச்சி பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னக் குழியாக விரலில் தட்டுப்பட்டது. எந்தத் தச்சரோ, பெயர்கூட மிஞ்சவில்லை. மேலே கூரை மரத்தில் எட்மண்டின் தலையும் ஓநாயும் செதுக்கியிருந்ததை அம்மாவுக்குக் காட்டினேன்.

“இந்த மரமெல்லாம் அவரைப் பார்த்திருக்குமாப்பா?” என்றார்.

பார்த்திருக்காது. 1960-களில் மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் 845-ஐ ஒட்டிய காலம் என்றார்கள். 1995-ல் மறுபடி பார்த்தபோது, 1060-க்கு முன்னால் வெட்டியிருக்க முடியாத மரம் என்று தெரிந்தது. திருவுடல் வந்துபோய் ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து! முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு மனசே விட்டுப்போயிற்று. ஆனால் பீடப்பகுதிக்குக் கீழே தோண்டியபோது இதைவிடப் பழைய இரண்டு மரக்கட்டடங்களின் தடயம் கிடைத்திருக்கிறது. பழசு போனதும் அதே மண்ணில்தான் மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1848-ல்கூட, தடிகளின் அடி உளுத்துப்போனதும், உளுத்த பாகத்தை மட்டும் அறுத்துவிட்டு, கீழே செங்கல் கட்டி மறுபடி நிறுத்தினார்கள். இங்கே மறுபடி தொடங்கியவர்கள் தச்சர்கள் மட்டுமா? தென்மேற்கு இங்கிலாந்திலுள்ள டால்படல் ஊரில் தொழிற்சங்கம் சேர்ந்ததற்காக 1834-ல் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட விவசாயக் கூலிகளில் சிலர், திரும்பி வந்ததும் இந்தப் பக்கம்தான் குடியேறினார்கள். அவர்களில் ஜேம்ஸ் பிரைனுக்கு 1839-ல் இங்கேதான் கல்யாணம்.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“சரி, இடம் அதேதானே?” என்றார்.

இருவரும் முழங்காலில் நின்றோம். ஜெபமாலையில் பாக்கியிருந்த கடைசிப் பத்து மணியை அங்கேயே சொல்லி முடித்தோம். வெளியே வரும்போது நாலு மணிகூட ஆகவில்லை, அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. அம்மா கதவோரத்துத் தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.