ஓட்டாஞ்சில்லு சொல்லிக்கொடுத்த பானை: மாத்தா ஓர்த்திஸ் பயணம்

மெக்சிகோவின் வடக்கு மாநிலமான சிவாவாவில் இருக்கும் மாத்தா ஓர்த்திஸுக்குப் பானை பார்க்கப் போகிறவர்கள், வழியில் பாக்கிமே இடிபாடுகளில் அரை நாளாவது செலவிட வேண்டும். அதைப் பார்க்காமல் போனால் கிராமத்தில் பார்ப்பது பாதிதான் புரியும்.

பாக்கிமே 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செழித்த மண் நகரம். 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேல்பக்கம் அகன்று கீழ்ப்பக்கம் குறுகிய வாசல்களைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். பானைக்காக வந்தவர்கள் நின்று பார்க்க வேண்டியது பஞ்சவர்ணக்கிளிகளை அடைத்து வளர்த்த மண் கூண்டுகளை. வெகு தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தக் கிளிகள், பக்கத்து அருங்காட்சியகத்தில் இளமஞ்சள் பானைகள்மேல் கருப்பும் சிவப்புமாகக் கோணம் கோணமாக உட்கார்ந்திருக்கும்.

அங்கிருந்து சுமார் அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் மாத்தா ஓர்த்திஸ். ரயில்வே பணிமனை இடம்மாறியபின் பிழைப்பு இழந்த ஊர். விறகு பொறுக்க மலைக்குப் போன ஹுவான் கெசாதா (1940–2022) அங்கே கிடந்த பழைய ஓட்டாஞ்சில்லுகளைப் பார்த்து, ஆசிரியர் யாரும் இல்லாமல் வனையத் தொடங்கினார். முதல் பானைகள் எல்லாம் வெடித்தன. அதற்கான விடை சில்லின் ஓவியத்தில் இல்லை, உடைந்த ஓரத்தில் இருந்தது: பழைய குயவர்கள் மண்ணில் மணலைக் கலந்திருந்தார்கள். வெறும் களிமண் காயும்போது சுருங்கும். சுருங்காத மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறவும் வழிவிடும். அருங்காட்சியகங்களில் பானையின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

1976இல் ஸ்பென்சர் மெக்கல்லம் என்ற அமெரிக்கர், நியூ மெக்சிகோவின் டெமிங் ஊர்க் கடையில் பெயரில்லாத மூன்று பானைகளைப் பார்த்து, செய்தவரைத் தேடி இங்கே வந்து சேர்ந்தார். 1999இல் கெசாதாவுக்கு மெக்சிகோவின் தேசிய விருது கிடைத்தது. அதற்குள் ஊரில் பல வீடுகள் பட்டறைகளாகியிருந்தன.

இங்கே சக்கரம் கிடையாது. சப்பாத்தி போலத் தட்டிய மண்ணை (அவர்கள் ‘தோர்த்தியா’ என்பார்கள்) பிளாஸ்டர் கிண்ணத்தில் அழுத்துகிறார்கள். தடித்த மண் திரியை வளையமாக விளிம்பில் ஒட்டி, கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே விரல்களால் கிள்ளி மேலே இழுக்கிறார்கள். ஒரே வளையத்திலிருந்து முழுச் சுவரும் எழும்புகிறது. பிறகு ஹேக்ஸா பிளேடால் சுரண்டிச் சில மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். வளையம் ஒட்டிச் சுவர் எழுப்பும்போதே பானை கெடவும் வழி உண்டு. ஒட்டு சரியாகச் சேராவிட்டால் காயும்போது அந்த இடத்திலேயே வட்டமாக விரிசல் ஓடும். விளிம்பு முந்திக் காய்ந்தால் நெடுக்காகப் பிளக்கும்.

காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெயும் நீரும் தடவி, வழுவழுப்பான கல்லால் மெருகேற்றுகிறார்கள். இந்தப் பளபளப்புக்குக் கண்ணாடிப் பூச்சு எதுவும் இல்லை; களிமண் துகள்கள் படிந்து ஒழுங்காவதால் வருவது. கருப்புக்கு மாங்கனீசு, சிவப்புக்கு இரும்புக் காவி. தூரிகை என்பது குழந்தைகளின் தலைமுடியில் சில இழைகள். நுனியால் வரைவதில்லை, முடியை முழுநீளத்துக்குப் பரப்பில் படுக்கவைத்து இழுக்கிறார்கள். கோடு நடுங்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

சூளையும் கிடையாது. காற்று அடங்கிய நேரத்தில், முன்னரே சூடேற்றிய பானையைத் தாங்கியில் வைத்து, மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து, சுற்றிலும் காய்ந்த மாட்டுச் சாணத்தை அடுக்கிக் கொளுத்துகிறார்கள். சுடுவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் அது ஆவியாகிப் பானையை உடைக்கும். காற்று ஒரு பக்கமாக அடித்தால் சூடு சமமாகாது. எரியும் சாணம் பானைமேல் பட்டால் அங்கே புகைக்கறை விழும். முழுக் கருப்பு வேண்டுமானால் எரிபொருளில் கொஞ்சம் உள்ளேயும் வைத்து, வாளியின் அடிவிளிம்பை மண்ணால் அடைத்துவிடுவார்கள். காற்றுக் கிடைக்காத புகையிலிருந்து கரி பானைக்குள் இறங்கும். நம் கருப்பு-சிவப்புப் பானைகளின் உட்புறக் கருப்பும் இதே காற்றடைப்பின் வேலைதான்.

வாங்கும்போது உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடுபள்ளம் தெரிந்தால் சுரண்டல் அவசரமாக நடந்திருக்கிறது. விரல் மூட்டால் மெல்லத் தட்டுங்கள். நல்ல பானை கணீர் என்னும், விரிசல் இருந்தால் ‘தொப்’. வடிவங்கள் சுற்றிவந்து சேரும் இடத்தையும் தேடுங்கள்: கடைசிக் கட்டம் மட்டும் நெருக்கப்பட்டிருந்தால் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்த கணக்கு பிசகியிருக்கிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை, விலை பேசுகிறவர்களுக்குப் படும்.

குறைந்த சூட்டில் சுட்ட பானை என்பதால் நீர் ஊற்றக் கூடாது. ஊறி மெருகு போய்விடும். ஊர் திரும்பும்போது கைப்பையிலேயே வையுங்கள், உள்ளே துணியைத் திணிக்காமல். அவ்வளவு மெல்லிய சுவருக்கு உள்ளிருந்து வரும் அழுத்தமே போதும், உடைய.