ஈரக்காற்று ஊரில் லாவெண்டர்: எண்ணெய், தைலம், துணிப்பை

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் லாவெண்டர் வாங்கி வீட்டில் எண்ணெயோ தைலமோ செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ‘மணமே வரல்லை.’ இன்னொன்று, ‘பூஞ்சை பிடிச்சிட்டு.’ மணம் வராததற்குக் காரணம் நம் அடுப்பு. பூஞ்சைக்குக் காரணம் நம் காற்று. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிரும் வறட்சியுமான நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஒரு பக்கம், துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஒரு பக்கம் என்று நனையும் ஊரில் அவற்றை அப்படியே செய்தால் பாதி வீணாகும். இங்கே லாவெண்டருக்கு இரண்டே கண்டிப்பு: நாம் காய்ச்சுவதுபோல் காய்ச்சக் கூடாது, அவர்கள் சொல்வதைவிட அதிகமாக உலர்த்த வேண்டும்.

முதலில் பொருள். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் கொழுந்தும் எடுப்பதுபோல் இதைப் பச்சையாக எடுக்க வழியில்லை. காய்ந்த பூவைத்தான் வரவழைக்க வேண்டும். இந்தியாவில் இப்போது பேர்போனது ஜம்முவின் டோடா மாவட்டத்துப் பதர்வா. மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2016இல் தொடங்கிய அரோமா மிஷன் என்ற திட்டம் அங்குள்ள மக்காச்சோள விவசாயிகள் பலரை லாவெண்டருக்கு மாற்றியது. பூ நல்லதா என்று பார்க்க, இரண்டு மொட்டை விரலிடுக்கில் நசுக்குங்கள். மணம் பளிச்சென்று எழ வேண்டும். வைக்கோல் வாசம் வந்தால் பழையது. நிறத்தை நம்ப வேண்டாம். காய்ந்த லாவெண்டர் சாம்பல் கலந்த நீலமாகத்தான் இருக்கும். கண்ணைப் பறிக்கும் ஊதாவாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஏற்றியதானால் துணியில் இறங்கும்.

எசன்ஷியல் ஆயில் (பூவிலிருந்து வடித்தெடுக்கும் செறிவான மண எண்ணெய்) வாங்குவதில்தான் ஏமாற்றம் அதிகம். சீசாவில் ‘லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்ற தாவரப் பெயர் இருக்க வேண்டும். ‘லாவண்டின்’ என்று இருந்தால் அது கலப்பினம். கற்பூர நெடி தூக்கலாக இருக்கும், விலையும் குறைவு. துணிப்பைக்கு லாவண்டின் தாராளமாகப் போதும், சொல்லப்போனால் அதன் மணம் இன்னும் பலமாக அடிக்கும். உடம்பில் பூசவும் தூங்கும் அறைக்கும் அங்குஸ்டிஃபோலியாதான் சரி. ‘லாவெண்டர் பெர்ஃப்யூம்’, ‘லாவெண்டர் காம்பவுண்ட்’ என்று ஊதுபத்திக்காரர்களுக்கு விற்பது தோலுக்கான பொருளே அல்ல. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள்: பலகாரம் வைத்த காகிதத்தில் இருப்பதுபோல் எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

திறந்த சீசா காற்றுப் பட்டுப் பட்டுக் கெடும். அதிலுள்ள லினலூல் என்ற மணப்பொருள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, தோலில் அரிப்பும் ஒவ்வாமையும் உண்டாக்கும் பொருளாக மாறுகிறது. ஆகவே 100 மில்லி சீசா மலிவு என்று வாங்காதீர்கள். 10 மில்லி, அடர்நிறக் கண்ணாடி, இறுக்கமான மூடி, திறந்த தேதி எழுதிய ஒட்டுத்தாள். ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்ததைத் தோலில் படும் எதிலும் சேர்க்காமல், தரை துடைக்கும் தண்ணீருக்கு விட்டுவிடலாம்.

இனி உலர்த்துவது. கடையில் காய்ந்ததாக வந்த பூவும் நம் ஊரில் ஒரு வாரம் திறந்திருந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சோதிக்க எளிய வழி உண்டு. கண்ணாடிச் சீசாவில் பாதியளவு பூவைப் போட்டு இறுக மூடி, பகலில் வெயில் நேராகப் படாத ஆனால் வெக்கையான இடத்தில் வையுங்கள். சாயங்காலம் உள் சுவரில் மெல்லிய ஆவி படிந்திருந்தால் அந்தப் பூ எண்ணெயில் இறங்கத் தகுதியில்லை. முறத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வெயில் வேண்டாம், மணமும் நிறமும் போய்விடும். மழை விடாமல் அடிக்கும் நாட்களில் மூடிய எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதுதான் வழி. சிலர் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் ஓரமாக வைத்து எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புகை நெடி பூவில் ஏறினால் எதற்கும் ஆகாது.

எண்ணெய்க்கு வருவோம். காய்ச்சிய எண்ணெய் என்றால் நம் பக்கத்தில் ஒரு பழக்கம் ஊறிக் கிடக்கிறது: மூலிகைச் சாற்றை எண்ணெயில் விட்டு, சடசடப்பு அடங்கி, அடியில் கிடக்கும் கல்கம் (அரைத்த மூலிகை விழுது) மெழுகுப் பதமோ மணல் பதமோ வரும்வரை அடுப்பில் வைப்பது. கையாந்தகரைக்கு (கரிசலாங்கண்ணி) அது சரியான முறை. லாவெண்டரின் மணமோ ஆவியாகிப் பறக்கும் எண்ணெய். மணல் பதம் வருவதற்குள் அது வீடு முழுக்கப் பரவியிருக்கும், சட்டியில் ஒன்றும் மிஞ்சாது. ‘காய்ச்சும்போது என்ன வாசம்!’ என்று மகிழ்கிறோமே, அந்த வாசம்தான் நாம் இழப்பது.

செய்ய வேண்டியது இது. காய்ந்த பூ 25 கிராம், எண்ணெய் 250 மில்லி. சுத்தமாகத் துடைத்து வெயிலில் காய்ந்த கண்ணாடிச் சீசாவில் பூவைப் போட்டு எண்ணெய் விடுங்கள். பூ முழுக்க மூழ்க வேண்டும். ஒரு பாத்திரத்தின் அடியில் துணி மடித்துப் போட்டு, சீசாவை அதன்மேல் நிறுத்தி, தோள் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அடுப்பை மிகச் சிறியதாக வைத்து 2 மணி நேரம். தண்ணீர் கொதிக்கக் கூடாது, கை வைத்தால் சுட்டு உடனே எடுக்கும் சூடு போதும். சீசாவின் வாயைத் திருகி மூடாமல் துணி கட்டிவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் அந்த வழியாகப் போகட்டும், ஆனால் பாத்திரத்துக்கு மேல் மூடி போடாதீர்கள், மூடியில் படியும் நீர் சொட்டி உள்ளே இறங்கும். இறக்கி ஆறியபின் இரட்டை மல் துணியில் பிழிந்தால் ஏறக்குறைய 200 மில்லி கிடைக்கும். ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் கலங்கலோ நீர்த்துளியோ தங்கியிருந்தால் மேலெண்ணெயை மட்டும் சாய்த்து எடுங்கள். அடியில் தங்கும் அந்தச் சொட்டு ஈரத்தில்தான் கெடுதல் ஆரம்பிக்கும்.

இப்படி ஊறிய எண்ணெயில் மணம் மெல்லியதாகத்தான் இருக்கும். மணம் தூக்கலாக வேண்டுமென்றால் ஆறியபின் எசன்ஷியல் ஆயில் சேர்க்க வேண்டும்: தலைக்கும் முகத்துக்கும் 1 சதவீதம், கைகால் உடம்புக்கு 2 சதவீதம். 200 மில்லிக்கு 1 சதவீதம் என்றால் 2 மில்லி. சொட்டுக் கணக்கு சீசாவுக்குச் சீசா மாறும், ஒரு மில்லிக்கு 20 முதல் 30 வரை போகும். அதனால் மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி அளந்து விடுவது நல்லது. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். உருக்கு வெளிச்செண்ணெய்க்கும் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய்) செக்கு நல்லெண்ணெய்க்கும் தனி மணம் உண்டு, லாவெண்டரை அமுக்கிவிடும். மணம்தான் குறி என்றால் சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் அல்லது பாதாம் எண்ணெய் எடுங்கள்.

எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு தடவி ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். கலப்பில்லாத எசன்ஷியல் ஆயிலை நேராகத் தோலில் வைக்கக் கூடாது, உள்ளுக்கும் குடிக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டபின். வீட்டில் பூனை இருந்தால் அது நக்கும் இடத்தில் வைக்காதீர்கள், அதன் உடம்புக்கு இது நஞ்சு.

இனி தைலம், அதாவது எண்ணெயோடு தேன்மெழுகு சேர்த்து உறையவைப்பது. அதற்கு நம் ஊரைவிட வசதியான ஊர் இல்லை. தேனீ வளர்ப்பில் மார்த்தாண்டத்துக்கு இருக்கும் பெயர் எல்லாருக்கும் தெரியும். ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் தேன் எடுத்து முடித்தபின் மெழுகும் கிடைக்கும். அந்தப் பச்சை மெழுகை அப்படியே போடக் கூடாது. தண்ணீரோடு சேர்த்து உருக்கித் துணியில் வடிகட்டி, அசையாமல் ஆறவிட்டால் மெழுகு மேலே வட்டாக உறையும். வட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பழுப்பாகச் சொரசொரப்பான ஒரு படலம் இருக்கும். கத்தியால் அதைச் சுரண்டி எடுத்து, வட்டைத் துண்டு துண்டாக உடைத்து இரண்டு நாள் காற்றாட வைக்க வேண்டும். உள்ளே சின்னச் சின்ன நீர்க்குமிழ்கள் மாட்டியிருக்கும்; உடைக்காமல் உருக்கினால் தெறிக்கும், தைலத்துக்குள்ளும் ஈரம் போகும்.

100 கிராம் தைலத்துக்கு லாவெண்டர் ஊறிய எண்ணெய் 78 கிராம், மெழுகு 20 கிராம், எசன்ஷியல் ஆயில் 2 கிராம். குளிர்நாட்டுக் கணக்கில் மெழுகு 15 கிராம்கூடப் போதும்; நமக்கு தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உருகுவதால், சித்திரை வெயிலில் அந்தக் கணக்கில் செய்தது டப்பாவுக்குள் குழம்பாகிவிடும். எண்ணெயையும் மெழுகையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி (மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும்), ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் வெள்ளையாக உறையும். நகத்தால் தள்ளினால் ஒரே துண்டாக நகர்ந்து, விரல் சூட்டில் தேய்க்கும்போது இளக வேண்டும். வழுக்கிக்கொண்டு பரவினால் மெழுகு போதாது. நொறுங்கினால் எண்ணெய் சேருங்கள். இறக்கிய பாத்திரத்தின் ஓரத்தில் வெண்மை படரத் தொடங்கும் நேரம்தான் எசன்ஷியல் ஆயில் விடும் நேரம். கலக்கி உடனே டப்பாவில் ஊற்றுங்கள். சீக்கிரம் உறையட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுவில் குழி விழும், மேலே வெடிக்கும். முழுக்க ஆறுமுன் மூடி போட்டால் மூடியில் நீர் கோர்க்கும்.

கால் ஊறவைக்கும் உப்புக் குளியலில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: உப்பில் எண்ணெயைச் சொட்டிவிட்டால் தண்ணீரில் கலந்துவிடும் என்று. உப்பு கரையும், எண்ணெய் மேலேதான் மிதக்கும், மிதக்கும் சொட்டு தோலில் நேராக ஒட்டும். இதற்குப் பூக் கஷாயம் நல்லது. அரை லிட்டர் கொதிநீரில் 2 மேஜைக்கரண்டி பூவைப் போட்டு 15 நிமிடம் மூடி வைத்து வடிகட்டி, 3 லிட்டர் இளஞ்சூட்டு நீரில் 100 கிராம் எப்சம் உப்போடு கலக்குங்கள். பூவைக் கல்லுப்பில் முன்கூட்டியே கலந்து வைத்தால் மழைக்காலத்தில் சீசாவுக்குள் கசிந்து கட்டியாகும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் சூடு உறைக்காமல் போகலாம், வேறொருவர் கையால் நீரின் சூட்டைப் பார்த்துத் தரட்டும்.

கொசுவுக்கு லாவெண்டர் போதும் என்று நினைக்காதீர்கள். டெங்கு வரும் ஊரில் வலையும் தேங்கிய நீரைக் கவிழ்ப்பதும்தான் காப்பு.

பீரோவுக்கான துணிப்பைதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஏனென்றால் இதில் நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்கும் சேர்ந்துகொள்கிறது. தனி லாவெண்டரின் மணம் நம் வெக்கையில் சீக்கிரம் ஓடிவிடும். வெட்டிவேரும் வசம்பும் அதைப் பிடித்து நிறுத்தும். பூ 40 கிராம், அரை அங்குலமாக நறுக்கிய வெட்டிவேர் 20 கிராம், வசம்புத் தூள் 10 கிராம், ஒன்றிரண்டாகத் தட்டிய கிராம்பு 5 கிராம். 20 சொட்டு எசன்ஷியல் ஆயிலை முதலில் வசம்புத் தூளில் மட்டும் பிசிறி, பிறகு மற்றவற்றோடு கலந்து, மூடிய சீசாவில் 2 வாரம் வையுங்கள். அவ்வப்போது குலுக்குங்கள். பின் 8க்கு 10 சென்டிமீட்டர் மல் துணிப் பைகளில் 15 கிராம் வீதம் நிரப்பினால் 5 பை வரும். பட்டுச்சேலை மீதும் கசவு (ஜரிகைக்கரைத் துணி) மீதும் பை நேராகப் படக் கூடாது, எண்ணெய்க் கறை ஏறினால் போகாது. ஹேங்கரில் கட்டித் தொங்கவிடுங்கள். கஞ்சி போட்ட துணியை அப்படியே மடித்து வைத்தால் எந்தப் பையும் இராமபாணப் பூச்சியைத் தடுக்காது, கஞ்சிதான் அதற்குத் தீனி. அந்துப்பூச்சியை மணம் விலக்குமே தவிர, ஏற்கெனவே இட்ட முட்டையைக் கொல்லாது. துவைத்து, நன்றாக உலர்த்தி, பிறகு பை. மாதம் ஒரு தடவை பையைக் கையில் கசக்கிவிடுங்கள், மணம் திரும்ப எழும்.

சோப்பு செய்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. காரம் (காஸ்டிக் சோடா) கலந்து செய்யும் சோப்புக்குள் பூவைப் போட்டால் ஊதா நிற்காது, எலிப்புழுக்கை நிறமாகிவிடும். உருக்கி ஊற்றும் கிளிசரின் சோப்பு நம் காற்றில் வியர்க்கும். உறைந்து அச்சிலிருந்து எடுத்த கையோடு பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றுங்கள்.

கண் தலையணைக்கு அரிசி நிரப்பச் சொல்லும் செய்முறைகளைத் தவிருங்கள், நம் ஊரில் வண்டு வரும். ஆளிவிதை 200 கிராம், பூ 15 கிராம், நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியில் 22க்கு 10 சென்டிமீட்டர் உள்பை. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் கண்ணில் படியாமல் விறைத்து நிற்கும். மேலுறை தனியாகக் கழற்றித் துவைக்கும்படி தையுங்கள், உள்பை நனையவே கூடாது. ஆளிவிதையில் எண்ணெய் உண்டு, ஓராண்டில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அப்போது ஒரு பக்கத் தையலைப் பிரித்துக் கொட்டிவிட்டு, உள்பையைத் துவைத்து நன்றாகக் காயவைத்தபின் புது விதை நிரப்புங்கள்.