ஆலைக்கு இருபது ஆண்டு முன்பே காடு: உருகுவேயில் பின்லாந்து நிறுவனங்கள்

பின்லாந்தில் பைன் மரம் வெட்டும் பருவத்துக்கு வர 60 முதல் 80 ஆண்டுகள் ஆகும். உருகுவேயில் தைலமரத்துக்குப் பத்தாண்டு போதும். போட்னியா, யூபிஎம், ஸ்டோரா என்சோ ஆகிய காகிதக் கூழ் நிறுவனங்கள் கடல் தாண்டிப் போனதற்குக் கூலி மலிவுதான் காரணம் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்றைய கூழ் ஆலையில் கூலி சின்னச் செலவு. கட்டைதான் பெரிய செலவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023இல் ஓடத் தொடங்கிய யூபிஎம்மின் பாசோ டே லோஸ் டோரோஸ் ஆலையின் திறன் ஆண்டுக்கு 21 லட்சம் டன். டன்னுக்கு மூன்றரை கன மீட்டர் கட்டை என்றால் 73 லட்சம் கன மீட்டர். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 25 கன மீட்டர் வளர்ந்தால், கிட்டத்தட்ட 3 லட்சம் ஹெக்டேர் தோப்பு வேண்டும். அதில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்குதான் வெட்டலாம். சொந்த நிலம் மட்டும் போதாது. மாட்டுப் பண்ணைக்காரர்களோடு நீண்டகால ஒப்பந்தமும் வேண்டும். தோப்பு வளர்க்க ஊக்கம் தந்த உருகுவேயின் வனச் சட்டம் 1987இல் வந்தது. முதல் பெரிய ஆலையான போட்னியாவின் ஃப்ரை பென்டோஸ் 2007இல்தான் ஓடியது.

தைலமரத்தை வெட்டிய கையோடு, தோப்பிலேயே பட்டை உரிக்க வேண்டும். காய்ந்தால் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். உரித்த பட்டை மண்ணுக்கே உரமாகும். பச்சைக் கட்டையில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். தொலைவிலிருந்து கொண்டுவந்தால் தண்ணீருக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்க நேரும். அதனால் ஆலை தோப்புக்கு அருகில் அமையும். காய்ந்த கூழ்தான், ஒவ்வொன்றும் கால் டன் எடையுள்ள கட்டுகளாகக் கப்பல் ஏறும்.

சறுக்கல் பெரும்பாலும் ஆலைக்கு வெளியேதான். ஃப்ரை பென்டோஸ் இருப்பது உருகுவே அர்ஜென்டினாவோடு பங்குபோடும் ஆற்றின் கரையில். ஆலையால் ஆறு கெடும் என்று அக்கரைக்காரர்கள் இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தை மூன்றாண்டுக்கு மேல் மறித்தார்கள். 2010இல் பன்னாட்டு நீதிமன்றம், ஆறு கெட்டதாக நிரூபணமில்லை, ஆனால் கூட்டு ஆற்று ஆணையத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் உருகுவே தவறியது என்றது. கழிவுநீரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் இப்படி முன்கூட்டித் தெரிவிக்கும் வேலையை விட்டால் தலைவலிதான்.

பாசோ டே லோஸ் டோரோஸில் சிக்கல் வேறு. அங்கிருந்து மோன்டேவீடியோ துறைமுகத்துக்கு 273 கிலோமீட்டர் ரயில்பாதை போடுவது அரசின் பொறுப்பு. ஆலை முந்திக்கொண்டது, பாதை முடியவில்லை. ரயிலை நம்பித் திட்டமிட்ட கூழ் முதலில் லாரியில்தான் போனது.