கரண்டியின் சத்தம்

ஜூலை 10, 2023, திங்கள்

சிலைமானில் பஸ்ஸை விட்டு இறங்கி கீழடி தென்னந்தோப்புக்குள் நுழையும்போது மணி ஏழு. ஏப்ரல் 6 அன்று தொடங்கிய ஒன்பதாம் கட்ட அகழாய்வு நடந்துகொண்டிருக்கிறது. குழிக்குள் இறங்கலாம் என்ற ஆசையோடு போனேன். எனக்குக் கிடைத்தது ஒரு வாளித் தண்ணீரும் பல் தேய்க்கிற பிரஷும். நாள் முழுக்க உடைந்த பானை ஓடு கழுவினேன். கீறல் ஏதாவது தெரிந்தால் தேய்க்காமல் தனியே வைக்க வேண்டும். அது குறியீடாக இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். 2019இல் வெளியான அறிக்கையில் தமிழி, அதாவது பழைய தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் 56, குறியீடு உள்ளவை 1001. ஒவ்வொன்றும் இப்படி யாரோ கழுவிக் காயவைத்த ஓடுதானே.

ஜூலை 11, செவ்வாய்

இன்றும் ஓடுதான், ஆனால் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கருப்பு-சிவப்பு ஓட்டை உடைந்த பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத பகுதி கறுத்துவிடும், காற்றுப் பட்ட பகுதி சிவக்கும் என்று ஆய்வு மாணவி ஒருவர் விளக்கினார். அப்புறம் எந்த ஓட்டைக் கையில் எடுத்தாலும் அது கவிழ்ந்து கிடந்த கோலம்தான் கண்ணில் நின்றது.

ஜூலை 13, வியாழன்

இதை எழுதவே மனசு வரவில்லை.

இன்று குழிக்குள் விட்டார்கள். கீழடியில் ஐந்தாறு வருஷமாக வேலை பார்க்கிற உள்ளூர் அக்கா ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தனார் கரண்டியால் மண்ணைச் சுரண்டினேன். பதினொரு மணி வாக்கில் மண்ணிலிருந்து வட்டமாக ஒன்று எட்டிப் பார்த்தது. தக்களியின் சுடுமண் வட்டு, நடுவில் துளை. நூல் நூற்ற கை பட்ட பொருள். சந்தோஷத்தில் பிடுங்கி எடுத்துவிட்டேன்.

“தம்பி! அளக்காம எடுத்துட்டீங்களே!” என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அதற்குள் அது கிடந்த பள்ளத்தில் மண் சரிந்துவிட்டது. குழி எண், குழியை நாலாகப் பிரித்தால் எந்தப் பகுதி, சுவரிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை சென்டிமீட்டர் ஆழம், இதெல்லாம் அட்டையில் ஏற வேண்டும். ஆழத்தை ஏறக்குறைய என்றுதான் குறிக்க முடிந்தது.

ஜூலை 14, வெள்ளி

யாரும் திட்டவில்லை. மேற்பார்வை பார்க்கும் சார் என்னைக் குழிச்சுவர் முன்னால் நிறுத்தி மண்ணடுக்குகளைக் காட்டினார். கீழடியின் காலத்தைப் பொது ஆண்டுக்கு முன் (கி.மு.) 580 வரை கொண்டுபோன கரித்துண்டு 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்டது. அந்த 353 எழுதப்படாமல் போயிருந்தால் அது அடுப்புக்கரி, அவ்வளவுதான். நேற்று நான் எடுத்தது அந்தத் தக்களியின் வயசை.

ஜூலை 16, ஞாயிறு

விடுமுறை. மார்ச் 5 அன்று திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குள் இருக்கும் தாயக்கட்டை, மணிகள், தக்களி எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒருதடவை பார்த்திருக்கிறேன். இந்த முறை பொருளை விட அதன் அட்டையைத்தான் அதிக நேரம் படித்தேன்.

ஜூலை 19, புதன்

மத்தியானம் மழை. தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம், குழிக்குள் தண்ணீர் இறங்காமல் ஓரத்தில் வரப்பு போட்டோம்.

ஜூலை 20, வியாழன்

அக்கா சுரண்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். “சத்தம் மாறுது, கேளுங்க.” எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சுரண்டிக் காட்டினார். இதுவரை சரசரவென்று வந்த கரண்டி, இங்கே கறக் கறக் என்றது. எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டு பிரஷை எடுத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் மண் கெட்டித்த ஒரு தளம் தெரிந்தது, உள்ளங்கை அகலத்தில் தொடங்கி முழம், இரண்டு முழம். யாரோ மிதித்து மிதித்து இறுகிய தரை. மேலே இருந்த மண்ணுக்கும் இதற்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கண் மட்டும் வைத்திருந்தால் வெட்டிக்கொண்டு போயிருப்போம்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். “வீட்டுல களத்தை மெழுகிப் பழகின கைதானே” என்றார்.

அட்டையில் குழி எண், ஆழம், தேதி எழுதினோம். முதலில் அறிந்த கை யாருடையது என்று எழுத அதில் ஒரு வரிகூட இல்லை. இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு என் நோட்டில் அக்காவின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அவரிடம் கேட்காமல் இங்கே போட மாட்டேன்.

ஜூலை 21, வெள்ளி

தளத்தைப் படம் வரைந்தோம். நூல் கட்டி, பத்து பத்து சென்டிமீட்டராக அளந்து அக்கா சொல்ல, நான் வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். கிழக்கு ஓரம் பாக்கி இருக்கிறது. நாளை காலை ஏழுக்கே வரச் சொல்லியிருக்கிறார், வெயில் ஏறினால் மண் காய்ந்து நிறம் தெரியாதாம்.